பாண்டியில் ஒரே ஒரு நாள்: எதை எப்போது பார்ப்பது, எதை விட்டுவிடுவது

பாண்டிச்சேரியைப் பார்க்க ஒரு நாள் போதுமா என்று கேட்பவர்களிடம் போதும் என்றுதான் சொல்வேன். ஊர் சின்னது. பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை நடந்தே போகும் தூரத்தில் இருக்கின்றன. ஆளை மடக்குவது மதியப் பூட்டு. அரவிந்தர் ஆசிரமம், கோயில், கடை என்று பாதி ஊர் 12 மணிக்கு மேல் கதவைச் சாத்திக்கொள்ளும். பிற்பகலிலோ சாயங்காலத்திலோதான் மறுபடி கண் திறக்கும். இது தெரியாமல் வருகிறவர்கள்தான் அதிகம்.

என் சித்தப்பா குடும்பம் ஒருமுறை காரில் வந்து இறங்கியபோது மணி 11.45. ஆசிரம வாசலுக்குப் போவதற்குள் 12 அடித்துவிட்டது, உள்ளே விடவில்லை. அங்கிருந்து மணக்குள விநாயகர் கோயிலுக்கு ஓடினோம். செருப்பை விட்டுவிட்டு வரிசையில் நிற்கும்போதே நடை சாத்தும் நேரம். கொதிக்கும் தரையில் சித்தப்பாவின் சின்னப் பெண் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். அப்புறம் 1 மணி வெயிலில் காந்தி சிலை முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு போட்டோ. “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று சித்தி கேட்டார். நியாயமான கேள்விதான்.

அதற்கப்புறம் வருகிறவர்களை எல்லாம் கீழே உள்ள வரிசையில்தான் கூட்டிப்போகிறேன்.

1. முதலில் கிழமையைப் பாருங்கள்

திங்கட்கிழமை வேண்டாம். அன்று அருங்காட்சியகம் விடுமுறை. வெயில் நேரத்தைக் கழிக்க இந்தத் திட்டத்தில் இருக்கும் நல்ல இடம் அதுதான், அது போனால் நடுப்பகல் ஓட்டையாகிவிடும்.

சனி, ஞாயிறுகளில் சென்னைக் கார்களும் பெங்களூர்க் கார்களும் ஊரை நிறைத்துவிடும். அறை வாடகையும் ஏறும். ஞாயிறுக்கு ஒரு சலுகை உண்டு: காந்தி வீதி நெடுக சண்டே மார்க்கெட் போடுவார்கள். துணிமணி, பழைய புத்தகம், பாத்திரம் என்று கிளறிப் பார்க்கப் பிடித்தவர்கள் அந்த நெரிசலைப் பொறுத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்குச் செவ்வாயிலிருந்து வியாழன் வரை நல்லது.

பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகிய நாட்கள் ஆசிரமத்தின் தரிசன நாட்கள். பக்தர்கள் ஊர் ஊராக வந்து நீண்ட வரிசையில் நிற்பார்கள். அதற்காகவே வருவதென்றால் சரி, ஊர் சுற்ற வருவதென்றால் அந்தத் தேதிகளை ஒதுக்கிவிடுங்கள். டிசம்பர் 31-ஐப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பருவம் என்று பார்த்தால் ஜனவரி, பிப்ரவரி சுகம். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் என்று செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம்.

2. முந்தின நாளே முடிக்க வேண்டியவை

முடிந்தால் முந்தின இரவே வந்து தங்கிவிடுங்கள். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர், பஸ்ஸில் மூன்றரை மணி நேரமாவது ஆகும். காலையில் கிளம்பி வந்தால் நாளின் நல்ல பகுதி வழியிலேயே போய்விடும்.

அப்படியும் காலை பஸ்ஸில்தான் வர முடியும் என்றால், விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஓடாதீர்கள். கடற்கரையைத் தாண்டி நேராக 5-ஆவது படிக்கு வந்துவிடுங்கள். கடல் எங்கும் போகாது, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.

பையில் போட வேண்டியவை கொஞ்சம்தான். தண்ணீர், தொப்பி அல்லது குடை, சில்லறை. மிக முக்கியம், சட்டென்று கழற்றிப் போடும் செருப்பு. இந்த ஒரு நாளில் நாலைந்து இடத்திலாவது செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். நாடா கட்டிய ஷூவோடு வந்த நண்பர் ஒருவர் மூன்றாவது இடத்தில் “நான் வெளியிலேயே இருக்கிறேன்” என்று சொல்லிவிட்டார். கோயில் வாசல் தரை சுடும் என்பதால் குழந்தைகளுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் வைத்துக்கொண்டால் உதவும்.

வாடகை ஸ்கூட்டர் வேண்டுமா? இந்த ஒரு நாள் திட்டத்துக்கு வேண்டாம் என்பேன். ஒருவழிப் பாதைகளில் சுற்றுவதும் நிறுத்த இடம் தேடுவதும் நடப்பதைவிட அதிக நேரம் தின்னும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஓட்டுநர் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வண்டியில் ஏற்கெனவே இருக்கும் கீறல்களை எல்லாம் போனில் படம் பிடித்துவிட்டுக் கிளம்புங்கள். திருப்பிக் கொடுக்கும்போது இந்தப் படங்கள்தான் பேசும்.

ஆட்டோ என்றால் ஏறும் முன்பே கூலியைப் பேசிவிடுங்கள். இறங்கியபின் பேசினால் வாக்குவாதம்தான் மிச்சம்.

3. ஊரின் கட்டத்தை மனதில் பதியுங்கள்

பழைய பாண்டி ஒரு முட்டை வடிவம். அதைச் சுற்றி ஓடும் சாலைகளுக்குத்தான் புல்வார்டு என்று பெயர். கிழக்கே கடற்கரைச் சாலை, மேற்கே அண்ணா சாலை, வடக்கே சர்தார் படேல் சாலை, தெற்கே சுப்பையா சாலை. உள்ளே எல்லா வீதிகளும் சதுரங்கப் பலகை போல நேர்க்கோட்டில் வெட்டிக்கொள்ளும். நடுவில் வடக்குத் தெற்காக ஒரு பெரிய வாய்க்கால். அதற்குக் கிழக்கே ஒயிட் டவுன் என்கிற பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழர் பகுதி.

இவ்வளவு தெரிந்தால் மேப் தேவையில்லை. வழி தப்பினால் கிழக்கே நடங்கள், கடல் வந்துவிடும்.

குழப்பம் வருவது பெயரில்தான். பல வீதிகளுக்குப் பிரெஞ்சுக் காலப் பெயர் ஒன்று, பின்னால் வைத்த பெயர் ஒன்று. புஸ்ஸி வீதி என்று ஆட்டோக்காரர் சொல்வதும் லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று மேப் காட்டுவதும் ஒன்றுதான். ஆகவே முகவரி கேட்கும்போது இரண்டு பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

4. காலை 5.45: கடற்கரை, தெற்கிலிருந்து வடக்காக

கிழக்குக் கடற்கரை என்பதால் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும். அது மட்டும் காரணமில்லை. மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். விடியற்காலையில் சாலை முழுக்க நடப்பவர்களுக்கே சொந்தம். ஹாரன் சத்தம் கிடையாது, அலைச் சத்தம் மட்டும்.

தெற்கு முனையில், பிரெஞ்சு ஆளுநராக இருந்த துய்ப்ளேயின் சிலைப் பக்கம் தொடங்குங்கள். மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடத்தைத் தாண்டி (2014 மழையில் இடிந்து விழுந்ததைப் பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டியிருக்கிறார்கள்) காந்தி சிலைக்கு வருவீர்கள். சிலையைச் சுற்றி நிற்கும் செதுக்கிய கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. எல்லோரும் சிலையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், தூண் ஒன்றின் அருகில் போய் நின்று பாருங்கள். எதிரே 1836-இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம். அப்புறம் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம்.

ஏன் தெற்கிலிருந்து? அடுத்துப் போகவேண்டிய கோயிலும் ஆசிரமமும் வடபாதியில் இருக்கின்றன. வடக்கில் தொடங்கித் தெற்கே போனவர்கள் அதே வழியைத் திரும்ப நடந்து வருவார்கள், அதற்குள் வெயில் ஏறியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கரை நெடுகக் கொட்டியிருப்பது கருங்கல். பாசி படிந்த கல்லில் செல்ஃபிக்காக இறங்கி வழுக்கி விழுகிறவர்கள் உண்டு. தலைமைச் செயலகத்துப் பக்கம் மணல் சேர்ந்திருக்கிறது, காலை நனைக்கலாம். ஆனால் இழுப்பு அதிகமான கடல் இது, இறங்கிக் குளிக்க வேண்டாம். காவலர்கள் ஊதினால் உடனே ஏறி வந்துவிடுங்கள். சிவப்புத் தொப்பி போட்டிருப்பார்கள், அதுவும் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனதுதான்.

7 மணிக்குச் சிற்றுண்டி. சாப்பிடும் இடத்திலேயே கழிப்பறைக்கும் போய்விட்டு வாருங்கள். அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பக்கத்தில் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

5. காலை 7.30: கோயில், பிறகு ஆசிரமம்

இரண்டும் கூப்பிடு தூரம். கோயிலுக்கு முதலில் போகச் சொல்வதற்குக் காரணம், அது 6 மணிக்கு முன்பே திறந்துவிடுகிறது. ஆசிரமத்தில் பார்வையாளர்களை விடுவது 8 மணிக்கு. மாற்றிப் போட்டால் ஆசிரம வாசலில் காத்திருந்து, கோயிலில் கூட்டத்தில் மாட்டுவீர்கள்.

மணக்குள விநாயகரைக் கும்பிட்டுவிட்டு மேலே சுவரைப் பாருங்கள். விநாயகரின் வெவ்வேறு உருவங்களைச் சுற்றிலும் வைத்திருக்கிறார்கள், குழந்தைகள் எண்ண ஆரம்பித்தால் கொஞ்ச நேரம் ஓடும். கோயில் யானை லட்சுமியைக் காட்டுகிறேன் என்று மட்டும் சொல்லிக் கூட்டிவராதீர்கள். 2022 நவம்பரில் அது இறந்துவிட்டது. தெரியாமல் வந்து வாசலில் தேடும் குடும்பங்களை இப்போதும் பார்க்கிறேன்.

ஆசிரமத்தில் அரவிந்தர், அன்னை இருவரின் சமாதி இருக்கிறது. மர நிழலில் பூவால் மூடியிருக்கும். போனை அணைத்துவிட வேண்டும், படம் எடுக்கக் கூடாது, பேசக் கூடாது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. கைக்குழந்தையோடு வந்தவர்கள் இதை வாசலில்தான் தெரிந்துகொண்டு திகைக்கிறார்கள். பெரியவர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து ஒருவர் மாற்றி ஒருவர் போகலாம்.

உள்ளே அரை மணி போதும். சும்மா உட்காரப் பிடித்தவர்களுக்கு அதற்குக் கணக்கே இல்லை, அவர்களை எழுப்பாதீர்கள்.

6. காலை 9 மணி: ஒயிட் டவுன், நிழல் பார்த்து நடக்கவும்

நாளின் சிறந்த நடை இது. எந்த வீதியில் போவது என்பதைவிட எந்த ஓரத்தில் நடப்பது என்பதுதான் முக்கியம்.

இங்கே நீளமான வீதிகள் எல்லாம் வடக்குத் தெற்காக ஓடுகின்றன. காலையில் சூரியன் கிழக்கே. அதனால் கிழக்கு வரிசை வீடுகளின் நிழல் அந்த ஓரத்திலேயே விழும். கிழக்கு ஓரமாக நடந்தால் தலைக்கு நிழல். எதிரே மேற்கு வரிசைச் சுவர்கள் மீது முழு வெளிச்சம். மஞ்சள் சுவரும் வெள்ளைக் கரையும் காகிதப்பூக் கொடியும் படத்தில் நன்றாக விழுவது இந்த நேரத்தில்தான். மதியத்துக்கு மேல் எல்லாம் தலைகீழ், அப்போது மேற்கு ஓரம்.

ஆசிரமத்திலிருந்து தெற்கே துய்மா வீதியில் இறங்குங்கள். கப்ஸ் கோயில் வரும். 1855-இல் கட்டிய மாதா கோயில். உள்ளே போய்க் கூரையைப் பாருங்கள். எதிரே சின்னப் பூங்காவில் ஜோன் ஆஃப் ஆர்க் சிலை. பூசை நடந்துகொண்டிருந்தால் வெளியே காத்திருப்பது மரியாதை. அங்கிருந்து சுய்ப்ரேன் வீதிக்குத் தாண்டி, ரோமன் ரோலன் வீதி வழியாக வடக்கே திரும்புங்கள். வீதி மூலைகளில் நீலப் பலகையில் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்திருக்கும்.

அடிக்கடி நடக்கும் தவறு: அடைத்த கதவின் முன்னால் நின்று, படியில் உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்து வைத்துப் போஸ் கொடுப்பது. பல வீடுகளில் ஆள் குடியிருக்கிறார்கள். வண்டியை எடுக்க முடியாமல் வாசலுக்குள்ளேயே காத்து நிற்கும் பெரியவர்களைப் பார்த்தால் நமக்கே சங்கடமாக இருக்கும். தெருவில் நின்று எடுங்கள், வாசற்படி அவர்களுக்கு.

7. காலை 11.15: பாரதி பூங்காவும் அருங்காட்சியகமும்

வடக்கே திரும்பியதும் பாரதி பூங்கா. நடுவில் வெள்ளை வெளேரென்று ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பது இதுதான். ஒரு பக்கம் துணைநிலை ஆளுநர் மாளிகை. பெஞ்சில் கால் மணி உட்காருங்கள், கால் கெஞ்ச ஆரம்பித்திருக்கும்.

செயின்ட் லூயிஸ் வீதியில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குள் 11.30-க்குள் நுழைந்துவிடுங்கள். அவசரம் இல்லாமல் பார்க்கலாம், உச்சிவெயிலும் தலைக்கு மேல் போய்விடும். பக்கத்தில் உள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த மணிகள், ரோமானிய மதுச்சாடித் துண்டுகள் இருக்கும் பகுதியை முதலில் பாருங்கள். நாற்காலி, பல்லக்கு எல்லாம் அப்புறம். வரிசை மாறினால் பிரெஞ்சுக் கட்டிலைப் பார்த்தே களைத்துப்போய், ஈராயிரம் வருஷத்துப் பாசிமணியைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிடுவீர்கள்.

8. 12.30 முதல் 3.30 வரை: ஒன்றும் செய்யாதீர்கள்

இந்தப் படியைத்தான் யாரும் கேட்பதில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். கோயில் நடை 4 மணிக்குத்தான் திறக்கும், கடைகளில் பல மதியத் தூக்கத்தில் இருக்கும், கடற்கரைச் சாலையில் ஒதுங்க நிழலும் கிடையாது. 1.30-க்குப் போனால் உணவகங்களில் காத்திருக்க வேண்டிவரும், 12.30-க்கே உட்கார்ந்துவிடுங்கள்.

“மூணு மணி நேரம் வீணாகிறதே, ஆரோவில் போய்விட்டு வரலாமே” என்று ஒருவராவது சொல்வார். போகாதீர்கள். ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பார்வையாளர் மையத்தில் அனுமதிச் சீட்டு வாங்கி, நடந்துபோய், தூரத்திலிருந்துதான் அங்குள்ள தங்க நிற உருண்டைத் தியான மண்டபமான மாத்ரி மந்திரைப் பார்க்க முடியும். உள்ளே போக முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். அவசரமாகப் போனவர்கள் பெரும்பாலும் பாதி வழியில் மணி பார்த்துத் திரும்பியவர்கள்தான். சுண்ணாம்பாறு படகுத் துறையிலிருந்து போகும் பாரடைஸ் பீச்சும் அப்படித்தான். இரண்டும் தனியாக ஒரு நாள் கேட்கும் இடங்கள்.

9. மாலை 3.30: தமிழர் பகுதி, மேற்கிலிருந்து கிழக்காக

பாண்டிக்கு வருகிறவர்களில் பலர் வாய்க்காலைத் தாண்டுவதே இல்லை. பாதி ஊரைப் பார்த்துவிட்டுப் பாண்டி பார்த்தாச்சு என்று போகிறார்கள்.

முதலில் ஆட்டோ பிடித்து ரயில் நிலையம் அருகே தூய இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்குப் போங்கள். சாயும் வெயில் வண்ணக் கண்ணாடிகள் வழியாக உள்ளே இறங்கும் நேரம் அது. அதே ஆட்டோவில் காந்தி வீதிக்கு வந்து இறங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே குறுக்கு வீதிகள் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. மாலையில் மேற்கே பார்த்து நடந்தால் வெயில் நேராகக் கண்ணில் குத்தும். காந்தி வீதியில் தொடங்கிக் கடல் பக்கமாக நடந்தால் வெயில் முதுகில். ஈஸ்வரன் தர்மராஜா கோவில் வீதியில் பாரதியார் குடியிருந்த வீடு நினைவகமாக இருக்கிறது. 1908-இல் வந்தவர் 1918 வரை இந்த ஊரில்தான் இருந்தார். மாலையில் மூடிவிடுவார்கள் என்பதால் இதை முதலில் வையுங்கள். பாரதிதாசன் வீடு பெருமாள் கோவில் வீதியில்.

அப்புறம் வைசியாள் வீதி. வீடு வீடாக நின்று பாருங்கள். கீழே திண்ணை, அதன்மேல் மரத்தூண் தாங்கும் ஓட்டுச் சரிவு, வேலைப்பாடு செய்த கதவு. எல்லாம் நம் ஊர்தான். அப்படியே தலையை நிமிர்த்தினால் மாடியில் வளைவு ஜன்னலும் சுவரோடு ஒட்டிய பிரெஞ்சுத் தூணும் இருக்கும். தரையில் தமிழ், மாடியில் பிரெஞ்சு. தெருவோரம் நடந்துகொண்டே பார்த்தால் மாடி தெரியாது, எதிர் ஓரத்துக்குப் போக வேண்டும்.

கிழக்கே வந்தால் மிஷன் வீதியில் ஜென்மராக்கினி மாதா கோயில். ஊர்க்காரர்கள் வாயில் சம்பா கோயில். செயின்ட் பால் என்ற பெயர்தான் நம் நாக்கில் புரண்டு சம்பா ஆனது.

10. மாலை 5.30: நேரு வீதி, பிறகு மறுபடியும் கடல்

வாங்க வேண்டியதை இப்போது வாங்குங்கள், காலையில் வாங்கினால் நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். பெரிய மார்க்கெட்டின் உண்மையான களை காலையில்தான். இருந்தாலும் பூக்கடைப் பக்கம் ஒரு சுற்று வரலாம்.

கார் வைத்திருப்பவர்கள் 6 மணிக்கு முன்பே கடற்கரைச் சாலையிலிருந்து எடுத்து வேறு இடத்தில் நிறுத்திவிடுங்கள். வழியை அடைத்தபின் சுற்றிச் சுற்றி வந்து சண்டை போடுவது வார இறுதிக் காட்சி. அப்புறம் கடல் பக்கச் சுவரில் உட்கார்ந்து காற்று வாங்குங்கள். காலையில் பார்த்த அதே சாலைதான், கூட்டமும் சுண்டலும் குழந்தைகளுமாக வேறு ஊர் மாதிரி இருக்கும்.

11. கிளம்பும்போது

மலிவு என்று மது பாட்டிலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். ஊர் எல்லை தாண்டினால் தமிழ்நாடு, சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்வார்கள். பஸ்ஸில் ஒருவரிடம் பாட்டில் கிடைத்தால் எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

கடற்கரையிலிருந்து புதிய பஸ் நிலையம் சாதாரண நாளில் ஆட்டோவில் கால் மணி நேரம். சனி, ஞாயிறு இரவில் அண்ணா சாலையைத் தாண்டவே அது ஆகிவிடும். 8.30 பஸ் என்றால் 7.30-க்கே சுவரிலிருந்து எழுந்துவிடுங்கள். குழந்தைகள் இன்னொரு ஐஸ்கிரீம் கேட்பார்கள், அதற்கும் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.